பனிக்காலத்தில் காருக்கு ஏ.சி. எதற்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், "குளிருது, அந்த ஏ.சி.யை அணைங்க, பெட்ரோலாவது மிச்சமாகும்" என்று காரின் பின் சீட்டிலிருந்து குரல் வரும். என்னைக் கேட்டால், கோடையில்கூட ஜன்னலை இறக்கிவிட்டுச் சமாளித்து விடலாம். அடைமழையிலும் மார்கழிப் பனியிலும்தான் காருக்கு ஏ.சி. அவசியம்.

எங்களுடையது கடற்கரை ஊர். காற்றில் எப்போதும் ஈரம்தான். ஆருத்ரா தரிசனத்துக்குக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு விடியற்காலையில் வாடகைக் காரில் ஏழு பேர் நெருக்கியடித்துப் போகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். அத்தனை பேர் மூச்சுக்காற்றின் ஈரமும் பனியில் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வெள்ளையாகப் படிந்துவிடும். டிரைவருக்கு ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். முன்னால் பின்விளக்கு இல்லாமல் கரும்பு டிராக்டர் போனால் என்ன கதி?

ஏ.சி. காற்றைக் குளிர வைப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. ஏ.சி. ஓடும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த ஈரம்தான். குளிர் தாங்கவில்லை என்றால் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பிக் கொள்ளலாம். ஹீட்டருக்கென்று தனியாகப் பெட்ரோல் செலவு கிடையாது. இன்ஜினில் வீணாகும் சூட்டைத்தான் அது உள்ளே அனுப்புகிறது. சோறு இறக்கிய பிறகு மிச்சத் தணலில் வெந்நீர் வைக்கிற மாதிரி. (பேட்டரி காருக்கு இந்தக் கணக்கு சரிப்படாது.) ஏ.சி.க்குக் கொஞ்சம் பெட்ரோல் ஆகும், வாஸ்தவம். கண்ணாடி தெளிந்ததும் அணைத்துவிட்டு, மறுபடி படிந்தால் போட்டுக் கொள்ள வேண்டியதுதானே!

வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் உள்காற்றே சுற்றிச் சுற்றி வரும். வெயிலுக்கு அது நல்லது, சீக்கிரம் குளிரும். மழையில் வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். நெடுந்தூரம் போனால் கரியமில வாயு சேர்ந்து டிரைவருக்குக் கண்ணைச் சொக்கும்.

சில சமயம் ஏ.சி. போட்ட பிறகும் கண்ணாடி மங்கும். விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் ஈரம் என்றால் கண்ணாடி அதிகமாகக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரை ஒரு முறை ஓட்டி, குளிரைக் குறைத்தால் போதும்.

இதைச் சொன்னால் சில டிரைவர்கள், "ஏ.சி. போட்டால் வாடகை வேறம்மா" என்கிறார்கள். சொகுசுக்குக் கேட்டால் கொடுக்கலாம். ரோடு தெரிவதற்காகப் பத்து நிமிஷம் போடுவதற்கும் கூலி கேட்பது எந்த ஊர் நியாயம்? வண்டி பேசும்போதே இதையும் பேசி முடித்துவிடுவது நல்லது.

இன்னொரு பழக்கத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. மழைக்காகக் கார் ஷெட்டுக்குள்ளேயே இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கிறார்கள். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்கும் குழந்தைக்கு இருமல்கூட வராது. குழந்தையைத் தூக்கி வந்து வீட்டுக்குள்ளேயே தூளியில் போடுங்கள்.

- ஒரு வாசகி, தேவனாம்பட்டினம்.