கொட்டகை போனது, கணக்கும் போனது

நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில், ரெக்கார்டு ரூமைக் காலி செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு அடுக்கு முழுக்கப் பழைய சினிமா கொட்டகைகளின் லைசென்ஸ் கோப்புகள். கட்டட வரைபடம், எத்தனை பெஞ்சு, எத்தனை நாற்காலி, தீ அணைக்கும் மணல் வாளி எங்கே என்பதுவரை எல்லாம் இருந்தன. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்திருந்தது. 'அழிக்கலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கையெழுத்தாகி வந்தது. விதிப்படி சரிதான். பிறகு கொட்டகைகளும் ஒவ்வொன்றாகப் போயின. மிச்சமிருந்திருக்க வேண்டிய சாட்சியை எடைக்குப் போட்டவன் நான்தான்.

பிரெஞ்சுப் பள்ளியில் மொலியேர் வசனங்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். அவர் குழுவில் லா கிரான்ஜ் என்றொரு நடிகர். 1659 முதல் 1685 வரை, எந்த நாள் என்ன நாடகம், எவ்வளவு வசூல், தன் பங்கு எவ்வளவு என்று எழுதி வைத்தார். நம்ம ஊர் தியேட்டர்களின் டி.சி.ஆர். மாதிரிதான். 1680இல் தொடங்கிய கொமெதி பிரான்சேஸ் நாடக அரங்கும் தினக் கணக்கைப் பாதுகாத்தது. இன்று ஆய்வாளர்கள் அதையெல்லாம் கணினியில் ஏற்றி, அந்தக் காலத்து ரசிகர்கள் எதை விரும்பினார்கள் என்று சொல்கிறார்கள். ஒரு குமாஸ்தா வேலை முந்நூறு வருடம் கழித்துப் பலன் தருகிறது!

நம் கதை? 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கைகள். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் நம் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது, மாலையும் விழுகிறது. மாலை போடுவது சுலபம். அவர் நாடகங்கள் ஏறிய கொட்டகைகளை ஊர் ஊராகத் தேடி எழுதும் இளைஞனுக்கு மாதச் செலவுக்கு யார் தருவது?

"சினிமா கொட்டகைக்கு என்னய்யா ஆராய்ச்சி, பள்ளிக்கூடமே ஒழுகுகிறது" என்பார்கள். பள்ளிக்கூடத்தைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் நான் கோடிகள் கேட்கவில்லை. வருடத்துக்கு நாலைந்து பேருக்கு உதவித்தொகை. ஆப்பரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சீன் திரை வரைந்தவர் ஆகியோர் உயிரோடிருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். அதை வைத்து நாடகமோ குறும்படமோ எடுப்பவருக்குக் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும். பழைய கோப்பை அழிக்குமுன் ஒரு நகல் எடுக்க வேண்டும். ஒரு திறப்பு விழாப் பந்தல் செலவுக்குள் அடங்கும்.

அரசு செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டீசோ, பாட்டுப் புத்தகமோ, அரை டிக்கெட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

நான் போட்டுவிட்டுத்தான் வருந்துகிறேன்.