எண்ணிக்கை சரி, உரிமை யாருக்கு?

நினைவகத்தைக் கேட்டுப் பெறவும், வேலை முடிந்ததும் திருப்பித் தரவும் கணினித் துறை மாணவர்களாகிய நாம் முதலாம் ஆண்டிலேயே கற்றுக்கொள்கிறோம். எப்போது திருப்பித் தரலாம் என்பதுதான் கடினமான கேள்வி. அதற்கு விடையாகச் சொல்லப்படும் 'ரெஃபரன்ஸ் கவுண்டிங்' முறை, விரிவுரையில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இது போதவே போதாது என்பது என் கருத்து.

முறை எளிமையானது. ஜார்ஜ் காலின்ஸ் 1960-இலேயே எழுதிவிட்டார். ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண் பூஜ்யமானால் அழித்துவிடலாம். வளாகத்திற்கு வெளியே ஐந்து மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீட்டைப் போன்றது இது. கடைசியாக வெளியேறுபவர் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுப்பார்.

சிக்கல் எங்கே வருகிறது? ஐவரில் ஒருவர் பொட்டலம் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அது வருவதற்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், வீடும் வேறொருவருக்குப் போய்விட்டது. பொட்டலமோ பழைய முகவரியைத் தேடி வந்தே தீரும்! கெர்னலின் சேமிப்பக நிரலில் நடப்பதும் இதுதான். வட்டிடம் தகவல் கேட்ட நிரல் காத்திருக்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. வட்டின் கட்டுப்பாட்டுக் கருவி பிறகு தன் போக்கில், செயலியின் கையை எதிர்பாராமல், நேராக நினைவகத்தில் எழுதுகிறது. அந்த இடம் இதற்குள் விடுவிக்கப்பட்டு உங்கள் ஆய்வேட்டுக் கோப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், ஆய்வேட்டின் நடுவே வேறொரு கோப்பின் துண்டு உட்கார்ந்திருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

ஆகவே, போய்க்கொண்டிருக்கும் கோரிக்கையும் ஒரு குடித்தனக்காரர்தான். அதற்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கோரிக்கையை ஒப்படைப்பதற்கு முன்பே கூட்டிவிட வேண்டும். ஒப்படைத்த பிறகு கூட்டலாம் என்றால், அதற்குள் இன்னொரு செயலியில் எல்லாமே முடிந்து, பொருளே அழிந்திருக்கலாம்.

இது மாணவர்கள் மட்டும் தடுமாறும் இடமன்று. லினக்ஸின் ஏ.ஐ.ஓ. நிரலில் 2019-இல் வெளிப்பட்ட ஒரு குறையைப் பாருங்கள் (சி.வி.இ.-2019-10125). கோப்பு ஒன்றைக் கவனிக்கச் சொல்லும் கோரிக்கை பதிவானவுடனேயே எதிர்பார்த்த நிகழ்வு நடந்துவிட்டால், அதை முடித்துவைக்கும் பகுதி கோப்பை விடுவித்துவிடும். பதிவு செய்த பகுதியோ இன்னும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். திருத்தம் என்ன தெரியுமா? எண்ணிக்கையை 2 என்று தொடங்கினார்கள்: சமர்ப்பிப்பவருக்கு ஒன்று, முடித்துவைப்பவருக்கு ஒன்று. யார் முந்தினாலும் கவலையில்லை. இந்த ஒரு திருத்தத்தை வகுப்பில் ஒரு மணி நேரம் அலசினால், ஒரு பருவம் முழுவதும் படிப்பதைவிட அதிகம் புரியும் என்பேன்.

எண்ணுவதிலும் பிழை நேரும். 2016-இல் அறிவிக்கப்பட்ட சாவிக்கொத்துக் குறையில் (சி.வி.இ.-2016-0728), கூட்டிய எண்ணைக் கழிக்க மறந்த ஒரு வழி இருந்தது. அதையே திரும்பத் திரும்ப அழைத்தால் 32 பிட் எண் நிரம்பி மீண்டும் பூஜ்யத்திற்கு வந்துவிடும். 2017-இல் வந்த 4.11 பதிப்பின் 'ரெஃப்கவுண்ட்' வகை, எண் நிரம்பினால் அப்படியே நின்றுவிடும். பொருள் ஒருபோதும் விடுவிக்கப்படாது. நினைவகம் கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை, பிறர் இடத்தில் எழுதுவதுதான் ஆபத்து என்ற தீர்ப்பு அது. எனக்கு முழு உடன்பாடு.

ரஸ்ட் மொழி வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் லினக்ஸில் ரஸ்டுக்கு இடமுண்டு, நல்லதுதான். ஆனால் வட்டு எப்போது எழுதி முடிக்கும் என்பது தொகுப்பிக்குத் தெரியாது. அந்த எல்லையில், பொருள் யாருடையது என்பதை மனிதர்தான் சரியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

இறுதியாண்டுத் திட்டங்களை மதிப்பிடும் விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நிரல் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கோப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே விரலியைப் பிடுங்கிப் பாருங்கள். விடுவித்த இடத்தைத் தொடும் நிரலைக் கையும் களவுமாகப் பிடிக்கும் 'கேசான்' கருவி 2015 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும். ஆய்வகக் கணினிகள் அதைத் தாங்கும்.