பதிவேட்டில் எழுதிய தொழில்



1894-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர், சுவிட்சர்லாந்து நாட்டிலுள்ள அரோசா என்னும் மலையூரின் விடுதி ஒன்றில் மூன்று ஆடவர் வந்து நின்றனர். தோளில் நீண்ட மரப்பலகைகள், உடையெங்கும் பனித்துகள். மூவருள் ஒருவருடைய கம்பளிக் காற்சட்டை பின்புறம் தேய்ந்து நைந்து போயிருந்தது. விடுதிப் பதிவேட்டில் பெயரும் ஊரும் தொழிலும் குறிக்க வேண்டும். டோபியாஸ் பிராங்கர் என்பவர் அப்பணியை மேற்கொண்டார். காற்சட்டை நைந்த அந்த மனிதரின் பெயருக்கு நேராகத் தொழில் என்னும் இடத்தில் ‘விளையாட்டு வீரர்’ என்று பொருள்படும் சொல்லை எழுதிவிட்டார்.

அம்மனிதர் ஆர்தர் கோனன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்து, ஆங்கிலம் வழங்கும் இடமெல்லாம் புகழ் பெற்றவர். அப்போது வயது 34. எழுத்தாளர் என்றோ, மருத்துவர் என்றோ குறித்திருந்தால் அது பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆயினும் பல ஆண்டுகள் கழித்துத் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதியபோதும் அந்தப் பதிவேட்டுச் சொல்லை அவர் மறக்கவில்லை, பெருமகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார். புகழ் பெற்ற ஒருவர் தம் புகழுக்குக் காரணமான தொழிலின் பெயர் ஏட்டில் இல்லை என்பதற்காக ஏன் மகிழ வேண்டும்?

1893-ஆம் ஆண்டு அவருக்குத் துயர் நிறைந்த ஆண்டு. மனைவி லூயிசாவுக்குக் காசநோய் முற்றிய நிலையில் இருப்பது அவ்வாண்டில்தான் தெரிய வந்தது. கணவரே மருத்துவர், ஆயினும் நோயை முன்னதாகக் கண்டுகொள்ளவில்லை. இன்னும் சில மாதங்களே என்று பிற மருத்துவர்கள் கூறிவிட்டனர். அக்டோபரில் அவருடைய தந்தை சார்லஸ் காலமானார். இவற்றுக்கிடையே மாதந்தோறும் ஹோம்ஸ் கதை ஒன்றை எழுதித் தரவேண்டிய சுமை வேறு. சிறந்த வரலாற்றுப் புதினங்கள் எழுதவே அவர் விரும்பினார். வாசகர்களோ துப்பறிவாளரையே கேட்டனர். ஊருக்கெல்லாம் இனித்த அக்கதாபாத்திரம் அவருக்கு மட்டும் கசந்துபோயிற்று. முடிவில், அவ்வாண்டுக் கோடையில் தாம் நேரில் கண்டிருந்த சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் ஹோம்ஸை வீழ்த்திக் கதையை முடித்தார். 1893 டிசம்பர் ‘ஸ்ட்ராண்டு’ மாத இதழில் அது வெளிவந்தபோது வாசகர்கள் கொதித்தெழுந்தனர். டாயிலோ அந்நேரம் இலண்டனில் இல்லை. மனைவியையும் தங்கை லொட்டியையும் அழைத்துக்கொண்டு டாவோஸ் நகருக்குச் சென்றிருந்தார்.

டாவோஸ், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. நோய்க்கிருமியை 1882-இல் ராபர்ட் கோக் கண்டறிந்துவிட்டார் என்றாலும், அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தான் கிடைத்தது. எனவே வறண்ட மலைக்காற்று, வெயில், நல்ல உணவு, ஓய்வு ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பினர். நோயாளிகள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு திறந்த மாடத்தில் மணிக்கணக்கில் சாய்ந்திருப்பார்கள். உடன் வந்தவர்களுக்கு மலையையும் பனியையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

இதே ஊரில் சில ஆண்டுகளுக்கு முன்னர் மற்றொரு ஸ்காட்லாந்து எழுத்தாளரும் தங்கியிருந்தார். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் மார்புநோயால் 1880 முதல் 1882 வரை இரு குளிர்காலங்களை மனைவி பானியோடும் அவருடைய மகன் லாயிடோடும் இங்கே கழித்தார். ‘புதையல் தீவு’ கதையை ஸ்காட்லாந்தில் அந்தச் சிறுவனை மகிழ்விக்கவே தொடங்கியிருந்தார். நாளுக்கொரு அத்தியாயமாகப் பதினைந்து அத்தியாயங்கள் ஓடிவந்தன, பின்பு ஒரு வரியும் நகரவில்லை. டாவோஸில் சிறுவனோடு தகரச் சிப்பாய்களை அணிவகுத்துப் போர் விளையாடினார்; அவனுடைய சிறு அச்சுப்பொறிக்காகத் தாமே மரக்கட்டையில் படம் செதுக்கிக் கொடுத்தார். அங்கேதான் கதை மறுபடியும் நாளுக்கொரு அத்தியாயமாக ஓடி முடிந்தது. பிள்ளைகளோடு விளையாடுவது நேரத்தை வீணாக்குவது என்று எண்ணும் தந்தையர் இதைச் சற்றுக் கவனிப்பார்களாக.

நிற்க. டாயிலின் கதைக்கு மீள்வோம். நார்வே நாட்டு நான்சென் 1888-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைச் சறுக்குப் பலகையில் கடந்த செய்தி அவரைக் கவர்ந்திருந்தது. நார்வேயில் பரவலாக இருந்த இப்பலகை அக்காலத்தில் டாவோஸ் மக்களுக்குப் புதுமை. உள்ளூரில் சேணம் தைக்கும் டோபியாஸும் அவர் சகோதரர் யோகானும் அதைப் பழகிவந்தனர். ஊரார் கைகொட்டிச் சிரித்தமையால் இருட்டிய பின்னரே பயிற்சி செய்வார்களாம்! 1893-இல் அவ்விருவரும் டாவோஸிலிருந்து மலையைத் தாண்டி அரோசா வரை சறுக்கிச் சென்று திரும்பியிருந்தனர். (தாமே இவ்விளையாட்டை அப்பகுதிக்குக் கொண்டுவந்ததாக டாயில் பிற்காலத்தில் எழுதினார், அந்தப் பெருமை உண்மையில் இச்சகோதரர்களுக்கே உரியது.)

அவர்களிடம் டாயில் மாணவராகச் சேர்ந்தார். எட்டடி நீளமும் நாலங்குல அகலமும் கொண்ட, முனை வளைந்த இரு மரப்பலகைகள். பார்ப்பதற்கு ஒன்றுமறியாதவைபோல் இருக்கும். காலில் கட்டியவுடன் ஒன்று கிழக்கே போகும், மற்றொன்று மேற்கே போகும். உலகமே வியக்கும் அறிவாளியைப் படைத்தவர் சிறுகுழந்தைபோல் எழுவதும் விழுவதுமாக இருந்தார். நல்ல உடற்கட்டும் கிரிக்கெட் முதலிய ஆட்டங்களில் தேர்ச்சியும் உடைய அவருக்கு இது புதிய பாடம். அவருடைய அனுபவக் கட்டுரையைப் படிப்போர்க்கு அவர் விழுந்த கதைகளே மிகுதியும் நினைவில் நிற்கும்.

மார்ச்சு 23 அன்று அதிகாலை நான்கரை மணிக்கு மூவரும் புறப்பட்டனர். சுமார் 2,440 மீட்டர் உயரமுள்ள மையன்பெல்டர் பூர்க்கா கணவாயைக் கடக்க வேண்டும். செங்குத்தான சரிவொன்றைக் குறுக்கே கடந்தபோது, கால் வழுக்கினால் கீழே அதலபாதாளம். அப்போது வழிகாட்டி தாம் எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே நடந்து, விருந்தினரை மேற்பக்கத்தில் நடக்கவிட்டார். அப்பால் இறக்கத்தில், பலகைகளைச் சேர்த்துக் கட்டி அவற்றின்மேல் அமர்ந்து வழுக்கிச் செல்லலாம் என்றனர். டாயிலின் பலகைகளோ அவரை விட்டுவிட்டுத் தாமே ஓடிவிட்டன. அவர் காற்சட்டையே கதியென்று சறுக்கிச் சென்றார். அத்துணி ஒருநாளும் கிழியாது என்ற தையற்காரரின் வாக்கை அம்மலைச்சரிவு பொய்யாக்கிற்று. அந்நிலையில்தான் பதிவேட்டின்முன் வந்து நின்றார்.

நோயாளி மனைவியை மாடத்தில் விட்டுவிட்டுப் பனியில் விளையாடப் போகலாமா என்று நம் வாசகருள் சிலர், சிறப்பாகத் தாய்மார்கள், கேட்பார்கள். நியாயமான கேள்வியே. ஆயினும் நீண்டநாள் நோயுள்ள இல்லங்களுக்குள் போய்வந்த பழக்கத்தால் நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். பணிவிடை செய்பவர் ஒருகணமும் விலகாமல், சிரிக்காமல், வெளிக்காற்றை நுகராமல் கட்டிலருகிலேயே வாடியிருந்தால், நோயாளிக்குத் தம் நோயோடு அவர் முகத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாகிறது. தம்மால்தான் இவர் இப்படியானார் என்ற எண்ணம் இருமலைவிடக் கொடியது. மாலையில் கன்னம் சிவக்க, உடையெல்லாம் பனியாக, அன்று எத்தனை முறை விழுந்தோம் என்று சொல்ல ஒரு கதையோடு வரும் கணவர் அப்படிப்பட்ட வீட்டுக்கு மருந்துக்குச் சமம்.

அவர் டாவோஸில் சும்மாவும் இருக்கவில்லை. இளம் மருத்துவர் ஒருவர் எழுதும் மடல்களாக அமைந்த ‘ஸ்டார்க் மன்றோ கடிதங்கள்’ என்னும் நூல் அங்கே உருவாயிற்று. அதில் காணும் சமயக் கருத்துகள் பல நமக்கு உடன்பாடானவை அல்ல. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இயேசு சபையார் பள்ளிகளில் பயின்று, பின்னர் நம் விசுவாசத்தை விட்டு விலகியவர் அவர். அப்பள்ளிகளுள் ஒன்று ஆஸ்திரியாவின் பெல்டுகிர்க் நகரில் இருந்தது. அவர் அங்கே பயின்றது 1875-76-இல். எனவே மலைப்பனி அவருக்கு முற்றிலும் புதியதன்று. பதினாறு வயதின் மகிழ்ச்சியில் ஒரு பகுதி அங்கே அவருக்காகக் காத்திருந்தது போலும்.

1894 டிசம்பர் ‘ஸ்ட்ராண்டு’ இதழில் பனிமலைப் பயணக் கட்டுரை வெளிவந்தது. ஹோம்ஸ் அருவியில் விழுந்து சரியாக ஓராண்டு. அதே இதழில் புதிய கதாநாயகர் ஒருவரும் அறிமுகமானார்: நெப்போலியன் படையைச் சேர்ந்த, வீரமும் தற்பெருமையும் மிக்க பிரிகேடியர் ஜெரார்டு. தம்மைப் பெரிதாக எண்ணி அடிக்கடி வேடிக்கையாக மாட்டிக்கொள்ளும் இவரை டாயில் மனமுவந்து எழுதினார் என்பது வரிக்கு வரி தெரியும். எட்டடிப் பலகையில் விழுந்து எழுந்த மனிதருக்கு அப்படியொரு பாத்திரம் தோன்றியதில் வியப்பென்ன? காலப்போக்கில் ஆங்கிலேயர்கள் நூற்றுக்கணக்கில் பனிச்சறுக்குக்காகவே சுவிட்சர்லாந்துக்கு வருவார்கள் என்றும் அக்கட்டுரையில் எழுதினார். அவர் கணக்குத் தவறிற்று, இலட்சக்கணக்கில் வந்தார்கள்.

ஹோம்ஸும் பின்னாளில் மீண்டு வந்தார். அது வேறு கதை.

சில மாதங்களே என்று சொல்லப்பட்ட லூயிசா பின்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1906 ஜூலையில் கண்மூடினார். தெற்கு இங்கிலாந்தில் ஹைன்டுஹெட் என்னும் இடத்தின் காற்றும் நோயாளிகளுக்கு உகந்தது என்று கேள்விப்பட்ட டாயில், அங்கே ஒரு வீடு கட்டினார். 1897-இல் குடும்பம் அதில் குடியேறிற்று. அவ்வீட்டின் மாடிப்படிகள் வழக்கத்தைவிடத் தாழ்வாக அமைக்கப்பட்டிருந்தன, லூயிசா மூச்சிரைக்காமல் ஏறி வருவதற்காக.