தானியச் சேமிப்பும் நச்சு மாத்திரையும்: வீட்டில் ஏன் கூடாது?

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை அரசு நிறுவனங்களும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே, வல்லுநர் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டும் என்பது நம் நாட்டின் விதி. ஆயினும் அம்மாத்திரை வீட்டு அரிசி மூட்டைக்குள் இடப்படுவது நிற்கவில்லை. விற்பனைக் கட்டுப்பாடு மட்டும் இதற்குப் போதாது. வண்டிலிருந்து தானியத்தைக் காக்கும் மாற்று வழி கைவசம் இருந்தால்தான் மாத்திரையின் தேவை மறையும்.

ஆபத்து என்ன?

காற்றின் ஈரம் பட்டதும் இம்மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு வெளியேறும். மூடிய வீட்டில் அது உறங்கும் அறைக்கும் பரவும். குமட்டல், வாந்தி, மார்பு இறுக்கம், மூச்சுத்திணறல் ஆகியன அறிகுறிகள். இதயம் பாதிக்கப்பட்டு இரத்த அழுத்தம் வீழலாம். இதற்கு முறிமருந்து இல்லை. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வாந்தி ஏற்படின், உணவு ஒவ்வாமை எனக் கருதிக் காத்திருக்க வேண்டாம்.

அரிசியில் போரிக் பவுடர் கலப்பதும், நாப்தலீன் உருண்டை இடுவதும் பாதுகாப்பானவை அல்ல.

பாதுகாப்பான வழிகள்

• நெல், பயறு வகைகளை ஈரப்பதம் 12 விழுக்காட்டிற்கும் குறையுமாறு வெயிலில் உலர்த்துங்கள். நன்கு ஆறிய பின்னரே அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோக்கும்.
• காற்றுப் புகாத கலனில் விளிம்பு வரை நிரப்புங்கள். உள்ளிருக்கும் பூச்சிகள் பிராணவாயுவைத் தீர்த்துத் தாமே மடியும். அடிக்கடி திறந்தால் பயனில்லை. எனவே மாதத் தேவைக்கேற்பச் சிறு கலன்களில் பிரித்து வையுங்கள்.
• முழுப் பயறைவிட உடைத்த பருப்பில் பயறு வண்டின் தாக்குதல் குறைவு. முழுத் துவரைக்குச் செம்மண் கட்டும் வழக்கமும் பயன் தருவதே.
• உலர்ந்த வேப்பிலை, நொச்சி இலை பூச்சியை விரட்ட உதவும். எனினும் மணிக்குள் இருக்கும் புழுவை அவை கொல்லா. உலர்த்தலுக்கு அவை மாற்றாகா.
• பழைய தானியத்துடன் புதியதைக் கலக்காதீர்கள்.

பூஞ்சை படிந்த தானியத்தை உண்ணாதீர்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் நச்சு கல்லீரலைப் பாதிக்கும். சமைத்தாலும் முற்றிலும் நீங்காது.

பாதிப்பு ஏற்பட்டால்

அனைவரையும் உடனே திறந்த வெளிக்கு அழைத்து வந்து, 108 எண்ணை அழையுங்கள். மாத்திரையை விழுங்கியவருக்கு நீர் புகட்டாதீர்கள். வாந்தி எடுக்கத் தூண்டாதீர்கள். வீட்டில் மாத்திரை வைத்திருந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். அத்தகவல் தெரிந்தால் உரிய சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க இயலும்.