கடற்பசுக் காப்பகத்தின் அடியை அளந்து சொல்லுங்கள்

பெறுநர்: தலைமை வன உயிரினக் காப்பாளர், தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வாழப்பாடியிலிருந்து எழுதுகிறேன். மலையடிவார ஊர்க்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று எண்ண வேண்டாம். எங்கள் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. இங்கே அரிக்கும் மண்ணும் கொட்டும் குப்பையும் அங்கேதான் போகின்றன.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் காக்க வேண்டியது நீருக்கு அடியில் இருக்கிறது.

மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. புல் வளர வெயில் வேண்டும். நீர் கலங்கக் கலங்க வெயில் இறங்கும் ஆழம் குறையும்; கலங்கிய இடத்தில் ஆழம் ஒரு மீட்டர் கூடினாலும் புல் பிழைக்காமல் போகலாம். ஆகவே, எங்கே எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தான் எந்த இடத்தை முதலில் காப்பது என்று முடிவெடுக்க முடியும்.

இந்த அளவீடு எளிதல்ல. ஒலியை விசிறிபோல் பரப்பி அளக்கும் கருவி, ஆழத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலத்தைத்தான் ஒரு நடையில் அளக்கும். 100 மீட்டர் ஆழத்தில் அது 300, 400 மீட்டர். 5 மீட்டர் ஆழத்தில் 15, 20 மீட்டர்தான். ஆழமில்லாத பாக் விரிகுடாவில் நடையும் அதிகம், செலவும் அதிகம். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டும் ஆழத்தைக் கணிக்கலாம். கலங்கல் நீரில் அந்தக் கணக்கு பிசகும்.

எனவே என் கோரிக்கைகள்:

சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தையும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தையும் சேர்த்துக்கொண்டு, சிறு படகுகளில் அளவெடுங்கள். ஆழத்தோடு, அடியில் இருப்பது சேறா, மணலா, புல்லா என்பதும் பதிவாகட்டும்.

பாகம் என்ற தங்கள் அளவில் ஆழம் சொல்லும் மீனவர்களைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். புல் உள்ள இடத்தில் இழுவை மடியை அடியோடு நிறுத்துங்கள். புல் இல்லாத இடத்தில் சிறுதொழில் மீனவரின் பிழைப்பில் கை வைக்காதீர்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் தாக்கிய கரை இது. பெரும்புயல் அடியைக் கலைத்துப்போடும். ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் மறுபடி அளக்க நிரந்தர நிதி ஒதுக்குங்கள்.

வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, காப்பகக் கரையின் ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒட்டுங்கள். எல்லை எதற்காக அங்கே போடப்பட்டது என்று தெரிந்த மீனவர், உங்கள் காவலருக்கு முன்பே அதைக் காப்பார்.

இப்படிக்கு,
வாழப்பாடிக் குடிமகன் ஒருவன்