மென்பொருளுக்குள் புதைத்து வைத்த முத்திரை

 

வெளிநாட்டுப் பயணத்திற்கோ வேறு காரியத்திற்கோ நிக்காஹ் பதிவேட்டின் நகல் தேவைப்படும்போது நாம் நாடிச் செல்வது ஜமாஅத் அலுவலகத்தை. பொறுப்பாளர் கையொப்பமிட்டு முத்திரை பதித்த பின்னரே அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டாகிறது. முத்திரையைப் பூட்டிய பேழைக்குள் வைக்கிறார்கள். வாசற்கதவின் ஆணியில் எவரும் தொங்கவிடுவதில்லை. ஆனால் கணினி மென்பொருள் எழுதுவோரில் பலர் ஏறக்குறைய அந்தக் காரியத்தைத்தான் செய்து வருகிறார்கள்.

எவ்வாறெனில், நீங்கள் ஓர் இணையச் சேவையில் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைந்தவுடன், அதன் சர்வர் உங்களுக்கு ‘டோக்கன்’ என்னும் அடையாளச் சீட்டு ஒன்றை வழங்குகிறது. ‘இவர் இன்னார், இவருக்கு இன்ன அதிகாரம் உண்டு’ என்று அதில் எழுதி, தன்னிடமுள்ள இரகசிய எண்வரிசையைக் கொண்டு கணக்கிட்ட மின் கையொப்பத்தையும் இணைத்து அனுப்புகிறது. அதன்பின் ஒவ்வொரு முறையும் சர்வர் பார்ப்பது கடவுச்சொல்லை அன்று, அந்தக் கையொப்பத்தையே. ஆகவே அந்த இரகசியத்தை அறிந்த எவனும் தன் வீட்டில் அமர்ந்தபடி, ‘நான் தலைமை நிர்வாகி’ என்று தானே ஒரு சீட்டு எழுதிக் கையொப்பமிட்டுக் கொள்ளலாம். கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணும் வேண்டாம். அது போலிச் சீட்டு என்று சர்வரால் கண்டறியவும் இயலாது. ஏனெனில் கையொப்பம் உண்மையானது!

புதுவை மக்களுக்கு இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்று நினைவிருக்கும். 2018-ஆம் ஆண்டில், வாடிக்கையாளர்களின் ஏ.டி.எம். அட்டைத் தகவல்களைத் திருடி, போலி அட்டைகள் தயாரித்துப் பணம் சுருட்டிய வழக்கு இந்நகரில் வெடித்தது. சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்துப் பலரைக் கைது செய்தனர். பழைய அட்டையின் காந்தப் பட்டை எங்கு தேய்த்தாலும் ஒரே செய்தியையே ஒப்புவிக்கும். ஒருமுறை கேட்டவன் அதை எத்தனை முறையும் திரும்பச் சொல்லலாம். சிப் பொருத்திய அட்டையோ ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் புதியதொரு குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. கணக்கிட உதவும் சாவி சிப்பைவிட்டு வெளியே வருவதில்லை. காந்தப் பட்டை அட்டைகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றித் தருமாறு ரிசர்வ் வங்கி கட்டளையிட்டதன் நியாயம் இதுவே.

நகலெடுத்த அட்டையால் ஒருவருடைய கணக்குதான் காலியாகும். கையொப்ப இரகசியம் வெளியேறினால், அந்தச் சேவையில் உள்ள அத்தனை பேருடைய பெயரிலும் சீட்டு எழுதலாம். 2023-ஆம் ஆண்டில், சீனாவிலிருந்து இயங்கியதாகக் கருதப்படும் ஒரு குழு, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஒற்றைக் கையொப்பச் சாவியை வைத்துக்கொண்டு 22 அமைப்புகளையும் 500-க்கு மேற்பட்ட தனிநபர்களையும் சார்ந்த மின்னஞ்சல்களுக்குள் புகுந்தது. அமெரிக்க வணிக அமைச்சரின் அஞ்சலும் அவற்றுள் ஒன்று. அந்தச் சாவி 2016-இல் உருவாக்கப்பட்டது. அது மூலநிரலில் எழுதி வைக்கப்பட்டதன்று. எப்படிக் களவு போயிற்று என்பதும் உறுதியாகத் தெரியவரவில்லை. ஒரு சாவி எவ்வளவு செய்யும் என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

களவாட வேண்டிய சிரமம்கூட இல்லாத நிலையும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, இணையத்தில் எவரும் படிக்கும் வண்ணம் கிடந்த இத்தகைய சாவிகள் 3,000-க்கும் மேல்! அவற்றுள் ஒன்றைக் கொண்டு 2024 டிசம்பரில் ஒருவன் தாக்குதலும் நடத்தியிருந்தான். விளக்க நூல்களிலும் மாதிரி நிரல்களிலும் உதாரணத்திற்காக அச்சிட்ட சாவியை, நிரல் எழுதுவோர் அப்படியே பிரதி செய்து உண்மையான சேவைக்கு வைத்துவிட்டனர். கடையில் மாதிரிக்கு மாட்டியிருக்கும் பூட்டையே வாங்கி வந்து வீட்டைப் பூட்டுவது போலத்தான். நம் நாட்டையும் எடுத்துக்கொள்வோம். பெங்களூரின் கிளவுட்செக் நிறுவனம் 2022-இல் ஆராய்ந்தபோது, அந்நாளைய ட்விட்டருக்குரிய இரகசியச் சாவிகளைக் கசியவிடும் கைப்பேசிச் செயலிகள் 3,207 சிக்கின. செயலி என்பது கோடிப் பேரின் கைகளுக்குச் செல்வது; அதைப் பிரித்துப் பார்க்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இது பெரிய நிறுவனங்களின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். காலாப்பட்டில் கணினி பயிலும் நம் பிள்ளைகள் கடைக் கணக்கு, பள்ளிக் கட்டணம், ஜமாஅத் சந்தா ஆகியவற்றிற்கு மென்பொருள் எழுதித் தருகிறார்கள், பாராட்டத்தக்க முயற்சி. அம்மென்பொருளில் நம் குடும்பங்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எவருக்கு எவ்வளவு உதவித்தொகை என்ற விவரம் எல்லாம் அடங்கியுள்ளன. ஸகாத் பெறும் ஏழைக் குடும்பத்தின் பெயர் ஊராருக்குத் தெரியவந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்! எழுதிய தம்பியை அன்போடு அழைத்து, ‘கையொப்ப இரகசியம் எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள். ‘நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கிறேன்’ என்றால், அதே மென்பொருளைப் பத்து இடங்களுக்கு விற்றபோது பத்துக்கும் ஒரே இரகசியமா என்றும் கேளுங்கள். அப்படியானால் ஒரு கடைக்காரரின் கையிலுள்ள பிரதியைக் கொண்டு மற்ற ஒன்பது இடங்களிலும் நுழையலாம்.

‘பாதுகாப்பு123’ போன்ற எளிய சொல்லை வைத்திருந்தால், நிரலைப் பார்க்கவே தேவையில்லை. கையில் ஒரு சீட்டு உள்ளவன் தன் கணினியிலேயே இலட்சக்கணக்கான சொற்களைப் பொருத்திப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடுவான். பரவலாக வழங்கும் கையொப்ப முறைக்கு, தற்செயலாக உருவாக்கிய 32 பைட் நீளமாவது வேண்டும். அதை நிரலுக்கு வெளியே, சர்வர் மட்டுமே படிக்கத்தக்க இடத்தில், ஒவ்வோர் இடத்திற்கும் வெவ்வேறாக வைக்க வேண்டும்.

‘அந்த வரியை நேற்றே அழித்துவிட்டேன்’ என்று தம்பி சொல்லக்கூடும். நிரலைக் கிட்ஹப் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றியிருந்தால் அது போதாது. பழைய பிரதிகள் அனைத்தும் வரலாறாக அங்கே இருந்துகொண்டிருக்கும். இரகசியத்தையே மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய சீட்டுகள் யாவும் செல்லாதவையாகி, பயனாளர் எல்லோரும் மறுபடியும் கடவுச்சொல் கொடுத்து நுழைய நேரும். அன்று ஒரு காலைப்பொழுது தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். பெரும்பாலோர் தள்ளிப்போடுவது இந்தத் தொல்லைக்கு அஞ்சியே. ஜும்ஆவிற்குப் பிறகு ஓர் அறிவிப்புச் செய்துவிட்டு, அன்றிரவே மாற்றிவிடச் சொல்லுங்கள்.