பதின்மூவர் அறையும் பல இலட்சம் இரசிகர்களும்

உதைபந்தாட்டம் என்றதும் நம்மவர் மனதில் தோன்றும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அந்த ஆட்டத்திலே, பல்கலைக்கழக அணிகளுக்கு இடையிலான போட்டி அந்நாட்டில் ஒரு மதத்துக்கு நிகரானது. மிச்சிகன் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் ஒரே வேளையில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்ப்பர். இத்துணைப் பெரிய மக்கள் விளையாட்டில் எந்த அணி சிறந்தது, எந்த அணி சம்பியன் பட்டத்துக்கு ஆடத் தகுதியுடையது என்பதை யார் தீர்மானிக்கின்றார்கள்? டெக்சாஸ் மாநிலத்தின் கிரேப்வைன் நகரிலுள்ள விடுதியொன்றில், கதவடைத்த அறையில் கூடும் பதின்மூன்று பேர் தீர்மானிக்கின்றார்கள். இது அநீதி என்பதும், இந்த அதிகாரம் முறையான வாக்களிப்பின் மூலம் இரசிகர்களுக்குச் செல்ல வேண்டும் என்பதும் எனது வாதம்.

முதலில் இந்தத் தரவரிசை எங்கே பிறந்தது என்பதைப் பார்ப்போம். அது பிறந்தது பத்திரிகைக் காரியாலயத்தில். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர் அலன் கூல்ட் 1935 இல் தாமே ஒரு பட்டியல் போட்டு மூன்று அணிகளை முதலிடத்தில் சமமாக வைத்தார். 1936 முதல் பத்திரிகையாளர்கள் வாரந்தோறும் வாக்களிக்கும் முறை வந்தது. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் இடையே வாசகர்கள் விவாதிக்க ஏதேனும் வேண்டும் என்பதே நோக்கம் என்று பின்னாளில் அவரே ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் உழன்றவன் என்ற வகையில் இதில் எனக்கு வியப்பில்லை. விளையாட்டுப் பக்கத்தை நிரப்புவது எத்தகைய பாடு என்பதை நான் அறிவேன். ஆனால் பக்கம் நிரப்பப் பிறந்த பட்டியல் பட்டம் வழங்கும் அதிகாரமாக வளர்ந்ததுதான் கோளாறு.

அந்த அதிகாரம் என்னென்ன செய்தது? 1950 இல் பயிற்றுநர்களின் வாக்களிப்பும் சேர்ந்துகொண்டது. 1973 இல் பயிற்றுநர்கள் பருவத்தின் இறுதி ஆட்டங்கள் நடைபெறுவதற்கு முன்னரே அலபாமாவைச் சம்பியனாக அறிவித்துவிட்டனர். டிசெம்பர் 31 ஆம் திகதி நடைபெற்ற சுகர் பவுல் ஆட்டத்தில் நொட்ர டாம் அணி 24 இற்கு 23 என்ற கணக்கில் அதே அலபாமாவைத் தோற்கடித்தது. பட்டம் மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. மறு ஆண்டிலிருந்துதான் எல்லா ஆட்டங்களும் முடிந்த பின்னர் வாக்களிக்கும் ஞானம் அவர்களுக்குப் பிறந்தது.

மனிதர் பக்கச்சார்பு உடையோர், ஆகவே கணினியைச் சேர்ப்போம் என்றார்கள். 1998 முதல் 2013 வரை நிலவிய அந்தக் கலப்பு முறையின் கதையும் இதேதான். 2003 இல் பத்திரிகையாளர், பயிற்றுநர் ஆகிய இரு சாராரும் தென் கலிபோர்னியாவை முதலிடத்தில் வைத்தனர். கணினிக் கணக்கையும் சேர்த்துக் கூட்டியபோது அவ்வணி மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. தனது கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 35 இற்கு 7 என்று படுதோல்வியடைந்த ஒக்லஹோமா முதலிடத்தில் நின்று பட்டப் போட்டிக்குச் சென்றது. மறு ஆண்டு ஒபேர்ன் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமலே வெளியே நிறுத்தப்பட்டது. அசோசியேட்டட் பிரஸ் தனது பட்டியலை இனி இதற்குப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லி விலகிக்கொண்டது. 2010 இல், கணினிப் பட்டியல்களுள் ஒன்றில் ஒரேயோர் ஆட்டத்தின் முடிவு விடுபட்டதால் லூசியானா ஸ்டேட்டும் பொய்சி ஸ்டேட்டும் இடம் மாறி நின்றமை வெளிவந்தது. ஆறு கணினிப் பட்டியல்களில் அது ஒன்றுதான் தன் கணக்கு முறையை முழுமையாகப் பகிரங்கப்படுத்தியிருந்தது. அதனாற்றான் பிழை பிடிபட்டது. ஏனைய ஐந்திலும் என்னென்ன பிழைகள் புதைந்து கிடந்தனவோ, யாரறிவார்?

2014 இல் பதின்மூவர் குழு வந்தது. நான்கு அணிகளைத் தெரிவு செய்வது அதன் பணி. முதலாண்டிலேயே அக்குழு ஒஹாயோ ஸ்டேட்டைத் தெரிவு செய்தது. அவ்வணியின் முதலாம், இரண்டாம் குவாட்டர்பாக் இருவரும் காயமுற்று, மூன்றாமவர் ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. அவரோடு அவ்வணி பட்டத்தையும் வென்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023 இல், புளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டங்களில் 13 இலும் வென்று தன் கூட்டமைப்பின் சம்பியனாகவும் வந்தது. நவம்பரில் அதன் குவாட்டர்பாக் ஜோர்டான் ட்ராவிஸ் காலை முறித்துக்கொண்டார். அவரின்றியும் அவ்வணி தோற்கவில்லை. ஆயினும் "அவர் இல்லாத அணி வேறோர் அணி" என்ற பொருள்பட விளக்கமளித்து, குழு அதனை ஐந்தாம் இடத்தில் வைத்து வாசலை அடைத்தது. உள்ளே சென்ற டெக்சாசும் அலபாமாவும் தலைக்கு ஓர் ஆட்டத்தில் தோற்றவை. 2014 இல் ஒரு நியாயம், 2023 இல் இன்னொரு நியாயம்!

பின்னர் ஒரேஞ்ச் பவுலில் புளோரிடா ஸ்டேட் ஜோர்ஜியாவிடம் 63 இற்கு 3 என்று தோற்றதைக் காட்டி, "பார்த்தீர்களா, குழு சொன்னது சரிதானே" என்று வாதிடுவோர் உளர். அந்த ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட்டின் முன்னணி வீரர்கள் பலர் களமிறங்கவேயில்லை. பட்டம் கைநழுவிய பின்னர் உடலைப் பணயம் வைக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. ஒருவனைப் பரீட்சை மண்டபத்துக்குள் விடாமல் தடுத்துவிட்டு, பின்னர் வேறொரு தாளில் அவன் பெற்ற புள்ளியைக் காட்டித் தடுத்தது சரியென்பதா?

அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தீரும் என்று 2024 இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். தீர்ந்ததா? 2025 பருவத்தின் முதல் வாரத்தில் மியாமி, நொட்ர டாம் அணியை 27 இற்கு 24 என்று வென்றது. இரண்டுமே பத்து வெற்றி, இரண்டு தோல்வியோடு பருவத்தை முடித்தன. ஆயினும் வாரக்கணக்காகக் குழு நொட்ர டாமையே மேலே வைத்திருந்தது. கடைசி வார இறுதியில் இரு அணிகளுமே ஆடவில்லை. அப்படியிருந்தும் டிசெம்பர் 7 ஆம் திகதி இரண்டும் இடம் மாறின. நடுவில் நின்ற இன்னோர் அணி தோற்றுக் கீழிறங்கியதால் இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்தன, ஆகவே இப்போதுதான் நேருக்கு நேர் ஆட்டத்தைக் கருத்தில் எடுத்தோம் என்றார்கள். ஆகஸ்ட் மாதத்து வெற்றி டிசெம்பரில்தான் கண்ணுக்குத் தெரிந்ததாம். அதன் பின் மியாமி இறுதியாட்டம் வரை சென்றது.

இது வெறும் பெருமைக்கான போட்டி என்று எண்ணிவிட வேண்டாம். 2024 பருவத்தில் ஓர் அணி பன்னிரண்டுக்குள் நுழைந்தாலே அதன் கூட்டமைப்புக்கு 40 இலட்சம் டொலர் கிடைத்தது. 2026 முதல் ஆறாண்டுகளுக்கான தொலைக்காட்சி உரிமை 780 கோடி டொலருக்கு ஈ.எஸ்.பி.என். நிறுவனத்துக்கு விற்கப்பட்டுள்ளது. அதே நிறுவனம்தான் ஒரு பலம்மிக்க கூட்டமைப்பின் ஆட்டங்களையும் ஒளிபரப்புகின்றது. எந்த அணி சிறந்தது என்று வாரம் முழுவதும் விவாதமும் நடத்துகின்றது. அது குழுவுக்குக் கட்டளையிடுகின்றது என்று நான் கூறவில்லை. ஆனால் மூடிய அறையில் எடுக்கப்படும் தீர்ப்பின்மீது அத்தகைய ஐயம் எழுவதை எவராலும் தடுக்க முடியாது.

சரி, இரசிகர்களிடம் கொடுத்தால் நீதி கிடைத்துவிடுமா? கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் கிடைக்காது. 1957 இல் பேஸ்போல் நட்சத்திர ஆட்டத்துக்கான இரசிகர் வாக்களிப்பில், சின்சினாட்டிப் பத்திரிகை ஒன்று முன்கூட்டியே நிரப்பிய வாக்குச் சீட்டுகளை அச்சிட்டு விநியோகித்தது. விளைவாக அந்நகர் அணியின் வீரர்கள் எழுவர் தெரிவாகினர். ஆணையாளர் ஃபோர்ட் ஃபிரிக் இருவரை நீக்கி வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் ஆகியோரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1970 வரை இரசிகர்களுக்கு அவ்வுரிமை திருப்பிக் கொடுக்கப்படவில்லை. இந்த உதாரணத்தை என் எதிராளிகள் எடுப்பதற்கு முன்னர் நானே எடுத்து வைக்கின்றேன். இதிலிருந்து பெற வேண்டிய பாடம், வாக்கு எண்ணும் முறை சரியாக அமைய வேண்டும் என்பதே.

முதலாவது, பட்டியல் முறையை விட வேண்டும். இன்றைய பத்திரிகையாளர் வாக்களிப்பில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இருபத்தைந்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் போர்டா முன்வைத்த முறையின் வழிவந்தது இது. இதிலே ஒருவர் தன் அணியை முதலிடத்திலும் அதன் எதிரணியைப் பட்டியலுக்கு வெளியிலும் வைத்தால், ஒரே சீட்டினால் 25 புள்ளி வித்தியாசம் உண்டாக்கிவிடலாம். போர்டாவின் சமகாலத்தவரான கொண்டோர்செ காட்டிய வழி வேறு. இரண்டிரண்டு பேராக ஒப்பிடுங்கள் என்றார். "மியாமியா, நொட்ர டாமா?" என்று மட்டும் கேளுங்கள். விசமத்தனமான ஒரு சீட்டு அங்கே ஒரு வாக்குத்தான். 25 அணிகளுக்கு 300 இணைகள் உண்டு. ஒரே இரசிகர் முந்நூறையும் தீர்க்க வேண்டியதில்லை. தாம் பார்த்த அணிகளைப் பற்றி மட்டும் ஆளுக்குப் பத்து இணைகள் தீர்த்தாலும், இலட்சக்கணக்கானோரின் வாக்குகள் சேரும்போது முழுப் படமும் கிடைத்துவிடும்.

இரண்டாவது, வாக்காளர் தமது அணி எதுவெனப் பதிவு செய்ய வேண்டும். தமது அணியோ, தமது கூட்டமைப்பைச் சேர்ந்த வேறோர் அணியோ இடம்பெறும் இணையில் அவருக்கு வாக்கில்லை. தம் பள்ளியைப் பற்றிப் பேசும்போது குழு உறுப்பினரே எழுந்து வெளியேற வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. அதையே இரசிகருக்கும் விரிப்போம்.

மூன்றாவது, ஓர் அணியின் இரசிகர்கள் எத்தனை இலட்சம் பேராயினும் அவர்களின் வாக்குகள் அனைத்தும் திரட்டப்பட்டு ஒரே நிறையாகக் கணிக்கப்பட வேண்டும். மிச்சிகன் இரசிகர் கூட்டத்துக்கும் மிகச் சிறிய அணியொன்றின் இரசிகர் கூட்டத்துக்கும் சம நிறை. சின்சினாட்டி விளையாட்டு இங்கே பலிக்காது.

நான்காவது, இரு அணிகள் அப்பருவத்தில் மோதியிருந்தால் களத்தின் முடிவே முதல் வாக்கு. அதை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். முதல் ஆறு வாரங்களுக்குத் தரவரிசையே கூடாது. ஒரு பந்துகூட எறியப்படுவதற்கு முன்னர் வெளியிடப்படும் பருவத்துக்கு முந்திய பட்டியலே பாதி அநீதிக்கு ஊற்று. மேலே தொடங்கிய அணி தோற்றாலும் மெல்லவே இறங்கும். கீழே தொடங்கிய அணி வென்றாலும் மெல்லவே ஏறும்.

"மூன்று அணிகள் ஒன்றையொன்று வென்றால் என்ன செய்வீர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008 இல் டெக்சாஸ் ஒக்லஹோமாவை 45 இற்கு 35 என்று வென்றது. டெக்சாஸ் டெக், டெக்சாசை 39 இற்கு 33 என்று வென்றது. ஒக்லஹோமா, டெக்சாஸ் டெக்கை 65 இற்கு 21 என்று வென்றது. மூன்றுமே ஒரேயோர் ஆட்டத்தில் தோற்றவை. அன்று தேசியத் தரவரிசையைப் பார்த்து ஒக்லஹோமாவை அனுப்பினார்கள். எனது முறையில், இத்தகைய வட்டத்தில் இரசிகர் ஆதரவு மிகக் குறைந்த கண்ணியை அறுத்துவிடலாம். எவருக்கும் பூரண திருப்தி கிடைக்காதுதான். ஆனால் எந்தக் கண்ணி, எத்தனை வாக்கால் அறுந்தது என்பதை ஊரே பார்க்கலாம்.

இரசிகருக்கு ஆட்ட ஞானம் போதாது என்பது கடைசி ஆட்சேபம். சனிக்கிழமை முழுவதும் தம் அணியோடு மல்லுக்கட்டும் பயிற்றுநர் ஏனைய ஆட்டங்களை எப்போது பார்க்கின்றார்? தோமஸ் கலகன், பீட்டர் முக்கா, மேசன் போர்ட்டர் என்ற மூன்று கணித அறிஞர்கள் குரங்குகளை வாக்காளராகக் கற்பனை செய்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி 2007 இல் வெளியிட்டனர். ஒவ்வொரு குரங்கும் தான் ஆதரிக்கும் அணியின் ஆட்டமொன்றை எழுந்தமானமாக எடுத்து, பெரும்பாலும் வென்ற அணியின் பக்கம் தாவும். இறுதியில் எந்த அணியிடம் அதிகக் குரங்குகள் சேர்கின்றனவோ அதுவே சிறந்த அணி. அந்த எளிய முறை கிட்டத்தட்ட வல்லுநர்களின் பட்டியலை ஒத்தே அமைந்தது. ஆட்ட முடிவுகளை மதிக்கும் விதி சரியாக இருந்தால் வாக்காளர் மேதையாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதின்மூவரை நாளையே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நான் கோரவில்லை. ஒரு பருவம் முழுவதும் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வெளியிடுங்கள். இரசிகர் பட்டியலின் ஒவ்வோர் இணைக்கும் விழுந்த வாக்குகளைப் பகிரங்கப்படுத்துங்கள். பதின்மூவரும் ஒவ்வொருவராக எவ்வாறு வாக்களித்தனர் என்பதையும் அவ்வாறே வெளியிடுங்கள். 2023 இல் பதின்மூன்று ஆட்டங்களை வென்றும் வாசலில் நிறுத்தப்பட்ட அந்த இளைஞர்களுக்கு, யார் தங்களுக்கு எதிராகக் கையுயர்த்தினார் என்பது இன்றுவரை சொல்லப்படவில்லை. குறைந்தபட்சம் அதையாவது அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.